கரை ரோட்டு இருட்டில் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

டெல்டாவில் தெருவிளக்கு ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால், நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு ரோடு. அந்த ரோட்டில் விடியலுக்கு முன்பும் இருட்டிய பிறகும் சைக்கிள் மிதிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழை ஒதுக்கியிருக்கிறோம்.

என் மகள் 11ஆம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில்தான் டியூஷன் போய்வருகிறாள். திரும்பும்போது இரவு எட்டு ஆகிவிடுகிறது. வழியில் 3 கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு கிடையாது. முன்னால் நல்ல லைட்டாக ஒன்று மாட்டிக் கொடுத்தால் போதுமா?
– ஒரு தாய், நீடாமங்கலம் அருகே

போதாதும்மா. கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலில் பின் லைட்டை வாங்குங்கள். முன்னால் இருக்கும் குண்டு குழியை உங்கள் மகள் மெதுவாகப் போய்ச் சமாளித்துக்கொள்வாள். பின்னால் வரும் வண்டியை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டி வருகிறவர்தான் அவளைப் பார்த்தாக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு 16, 17 மீட்டர் ஓடுகிறது. முன்னால் ஏதோ இருக்கிறது என்று உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 45 மீட்டர். டிம் லைட்டில் கருநீலச் சுடிதாரும் கறுப்புப் பையும் கண்ணில் படுவது பெரும்பாலும் 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான். நடுவில் விடுபடும் அந்த 15 மீட்டரில்தான் விபத்து இருக்கிறது. சின்னச் சிவப்பு எல்.இ.டி விளக்கு ஒன்று எரிந்தாலே பல நூறு மீட்டருக்கு அப்பாலேயே தெரிந்துவிடும்.

பின் லைட்டைச் சீட்டுக் கம்பியில் மாட்டினால் பள்ளிப்பையோ துப்பட்டாவோ தொங்கி மறைத்துவிடும். கேரியரின் கடைசிக் கம்பியில் மாட்டுங்கள். விளக்கின் முகம் நேராகப் பின்பக்கம் பார்க்க வேண்டும். எல்.இ.டி வெளிச்சம் குறுகலாகப் போவது. கொஞ்சம் தரையைப் பார்த்தாலும் தூரத்தில் வருகிறவருக்குப் பாதி வெளிச்சம்தான் போய்ச் சேரும். ஒரே விளக்கு என்றால் நின்று எரியும்படி வையுங்கள். விட்டு விட்டு மின்னும் விளக்கு சட்டென்று கண்ணை இழுக்கும், ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கடினம். இரண்டு மாட்ட முடிந்தால் ஒன்று நின்று எரியட்டும், ஒன்று மின்னட்டும். நிறம் சிவப்பேதான். வெள்ளை டார்ச்சைப் பின்னால் கட்டினால், பார்க்கிறவர் எதிரே ஏதோ வருகிறது என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்தது ரேடியம் ஸ்டிக்கர். பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்கிறோம், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. பைக்கில் பெயர் வெட்டி ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர் பல கடைகளில் வெறும் கலர்த்தாள்தான். நீங்கள் கேட்க வேண்டியது லாரிக்கு ஒட்டும் 2 அங்குல டேப். உள்ளே தேன்கூடு மாதிரியோ வைர வடிவிலோ கட்டம் தெரியும், ஏ.ஐ.எஸ் 090 என்ற தரக் குறி அச்சிட்டிருக்கும். லாரி உதிரிபாகக் கடையில் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். சிவப்பு ஓர் அடி, வெள்ளை ஓர் அடி, மஞ்சள் இரண்டு அடி வாங்கினால் ஒரு சைக்கிளுக்குத் தாராளம்.

பின் மட்கார்டில் சிவப்பு ஒரு சாண் நீளத்துக்கு. சீட்டுக்குக் கீழே பின்சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு கம்பிகளிலும் மிச்சச் சிவப்பு. முன் ஃபோர்க்கில் வெள்ளை. செயின் கவரின் பக்கவாட்டில் மஞ்சள், குறுக்கு ரோட்டிலிருந்து வருகிறவருக்காக. ஒரு துண்டு மஞ்சளை மிச்சம் வைத்துப் பெடலைத் தாங்கும் கிராங்க் கைகளில், பின்னாலிருந்து தெரியும் முகத்தில் ஒட்டுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அசையாத சிவப்புப் புள்ளி மைல்கல்லாக இருக்கலாம், நிறுத்தி வைத்த டிராக்டராக இருக்கலாம். மேலும் கீழுமாக ஏறி இறங்கும் இரண்டு மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தால், யாரோ சைக்கிள் மிதிக்கிறார்கள் என்று ஓட்டுநருக்கு யோசிக்காமலே புரியும். பெடலில் ஏற்கெனவே மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருந்தால் அதைக் கழுவி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒட்டும் முன் சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, சானிடைசர் தொட்ட துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அழுக்குப் போகும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு தங்கிவிடும். வெயிலில் கம்பி சூடாக இருக்கும்போது ஒட்டினால் பசை நன்றாகப் பிடிக்கும். மெல்லிய கம்பிக்கு டேப்பை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, முனைகளை வட்டமாகக் கத்தரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். இழுத்து ஒட்டினால் ஒரு வாரத்தில் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். வெட்டிய ஓரங்களில் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு கோடு தடவிவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறாது.

இதெல்லாம் முடிந்த பிறகு முன் லைட்.

அந்த முன் லைட்டை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது? நேராக வைத்தால் எதிரே வருகிறவர்கள் திட்டுகிறார்கள். கீழே வைத்தால் தூரம் தெரியவில்லை.
– வாசகர், வலங்கைமான்

அவர்கள் திட்டுவது நியாயம்தான். சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹேண்டில்பாரில் விளக்கு இருக்கும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 90 சென்டிமீட்டர் வரும். அதில் பாதி, அதாவது 45 சென்டிமீட்டர் உயரத்தில், சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. விளக்கின் நடு வெளிச்சம் அந்தக் கோட்டில் விழும்படி சாய்த்து முடுக்குங்கள். இப்போது ரோட்டில் அந்த வெளிச்சம் சரியாக 10 மீட்டர் முன்னால் விழும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவருக்கு 10 மீட்டர் என்பது இரண்டு நொடிக்கும் கொஞ்சம் மேல். பள்ளத்தைப் பார்த்துப் பிரேக் பிடிக்க அது போதும். அதைவிட வேகமாக இருட்டில் போக வேண்டாம்.

செல்போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒரு கை பிரேக்கை விட்டுப் போய்விடுகிறது. பெரும்பாலும் போவது வலது கை, முன் பிரேக் இருக்கும் கை.

கேரியரில் இரண்டு பக்கமும் பால் கேன். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பிவிடுவேன். பின் லைட் எங்கே மாட்டினாலும் கேன் மறைக்கிறது. கேனிலேயே ஸ்டிக்கர் ஒட்டினால் சுடுதண்ணீரில் கழுவும்போது உரிந்துவிடுகிறது.
– பால்காரர், பாபநாசம் வட்டம்

கேனில் ஒட்ட வேண்டாம், ஐயா. பழைய அலுமினியத் தகட்டில் அகலம் 10, உயரம் 15 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, மேல் ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, கேரியரின் கடைசிக் கம்பியில் போல்ட் போட்டுத் தொங்கவிடுங்கள். கேன்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு பட்டைக் கம்பி வைத்து, தகடு கேனுக்கு ஒரு விரல்கடையாவது வெளியே நிற்கும்படி நீட்டிவிடுங்கள். தகட்டின் மேல் பாதியில் விளக்கு, கீழ்ப் பாதியில் சிவப்பு டேப். தகடு ஆடினால் விளக்கின் திசையும் ஆடும், ஆகவே போல்ட் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். கேன்கள் சைக்கிளை அகலமாக்குவதால் ஹேண்டில்பாரின் இரண்டு முனைகளிலும் ஒரு சுற்று டேப் ஒட்டினால், ஒதுங்கிப் போகிறவர் எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்று அளவு தெரிந்து ஒதுங்குவார்.

புல்லுக்கட்டு ஏற்றுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான், அவர்களுக்குத் தகடு உதவாது. கட்டைச் சுற்றி இழுத்துக் கட்டும் ரப்பர் கயிற்றில் கிளிப் உள்ள விளக்கை மாட்டி, கட்டின் பின்முகத்தில் வரும்படி கட்டுங்கள்.

சக்கரத்தில் பழைய சி.டி மாட்டியிருக்கிறேன். பளபளவென்று மின்னுகிறது. ரிஃப்ளெக்டருக்குப் பதில் இது போதும்தானே?
– மாணவர், திருத்துறைப்பூண்டி

போதாது தம்பி. சி.டி என்பது கண்ணாடி மாதிரி. சாய்வாக வந்த வெளிச்சத்தை எதிர்ச்சாய்வில் வேறு பக்கம் அனுப்பிவிடும். லாரி விளக்கின் ஒளி அதில் பட்டால் அது வயலுக்கோ வானத்துக்கோ போகும். லாரி ஓட்டுநர் கண்ணுக்கு ஒரு கணம் தெரிந்தால் அதிர்ஷ்டம். ரிஃப்ளெக்டரை உடைத்து உள்ளே பார்த்தால் சின்னச் சின்ன மூலைகளாக இருக்கும். அறையின் மூலையில் வீசிய பந்து இரண்டு சுவரிலும் தரையிலும் பட்டு வீசியவரிடமே திரும்புவது போல, அந்த மூலைகள் ஒளியை எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பிவிடும். அதனால்தான் அது ஓட்டுநருக்குப் பிரகாசமாகவும் பக்கத்தில் நிற்கிறவருக்கு மங்கலாகவும் தெரிகிறது.

அப்பா காலத்து டைனமோ இருக்கிறது. சில நாள் எரிகிறது, சில நாள் எரிவதில்லை. மழை பெய்தால் அறவே இல்லை. தூக்கிப் போட்டுவிடலாமா? எல்.இ.டி போட்டுக்கொள்ளலாம் என்கிறார்களே?
– வாசகர், ஒரத்தநாடு

தூக்கிப் போடாதீர்கள். சார்ஜ் போட மறந்தாலும் எரியும் விளக்கு அது ஒன்றுதான்.

முதலில் குற்றம் எங்கே என்று பார்க்க வேண்டும். 6 வோல்ட் பல்பு ஒன்றைக் கையில் எடுத்து, அதன் அடிமுனையை டைனமோவின் அடியில் உள்ள ஒயர் திருகிலும், பக்க உலோகத்தை டைனமோவின் உடம்பிலும் தொடவைத்துச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லுங்கள். எரிந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது, குற்றம் வழியில். இந்த அமைப்பில் ஒயர் ஒன்றுதான் போகும். திரும்பி வரும் வழி சைக்கிளின் இரும்புச் சட்டமே. பெயின்ட்டும் துருவும் அந்த வழியை அடைத்துவிடும். சில நாள் எரிவதற்கும் சில நாள் எரியாததற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். டைனமோ கிளாம்பும் விளக்கின் கிளாம்பும் சட்டத்தைத் தொடும் இடத்தில் உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கிளாம்பில் கூரான சின்னத் திருகு ஒன்று இருந்தால், பெயின்ட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போவதற்கென்றே வைத்தது அது. பலர் அது எதற்கென்று தெரியாமல் கழற்றிவிடுகிறார்கள்.

அடுத்து நிற்கும் கோணம். டைனமோவின் தலையிலிருந்து கோடு ஒன்று இழுத்தால் அது சக்கரத்தின் அச்சுக்குப் போக வேண்டும். கோணலாக நின்றால் ரோலர் டயரை அரைக்கும். டயரின் பக்கத்தில் நூல் தெரிய ஆரம்பித்தால் அதுதான் காரணம். மழையில் எரியாமல் போவது ரோலர் வழுக்குவதால். ரோலரின் பல்லில் அடைத்திருக்கும் சேற்றைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள். பல் தேய்ந்திருந்தால் ரப்பர் தொப்பி மாட்டலாம்.

முன்னும் பின்னும் இரண்டு பல்பு போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட்; முன்னுக்கு 2.4 வாட், பின்னுக்கு 0.6 வாட் என்று பிரித்த கணக்கு. பின் பல்பு போய்விட்டால் அதன் பங்கும் முன் பல்புக்கு ஏறி, வேகமாக மிதிக்கும்போது அதுவும் போய்விடும். இரண்டும் ஒரே இரவில் போவது இப்படித்தான்.

எல்.இ.டி போடலாம், ஆனால் நேராக இணைக்கக் கூடாது. டைனமோவிலிருந்து வருவது மாறுமின்சாரம். அதை ஒரே திசையில் ஓடவைக்க 4 டயோடு வைத்த பிரிட்ஜ் வேண்டும். 1என்5819 நல்லது, 1என்4007 இருந்தாலும் ஓடும். பிரிட்ஜுக்குப் பின்னால் 3 வாட் எல்.இ.டி ஒன்று, அதை அலுமினியத் துண்டின் மேல் பதித்து. சூடு போக வழியில்லாவிட்டால் எல்.இ.டி சீக்கிரம் மங்கிவிடும். மினுக்கம் குறைய 25 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை எல்.இ.டியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்காக இணைக்கலாம். எல்.இ.டி ஒயர் அறுந்த நிலையில் மட்டும் சைக்கிளை வேகமாக ஓட்டாதீர்கள். மின்சாரத்தை இழுக்க விளக்கில்லாத டைனமோ 6 வோல்ட்டோடு நிற்காது, வேகத்துக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும், கெப்பாசிட்டர் வெடித்துவிடும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் டைனமோவில் ஒரு குறை உண்டு. நின்றால் அணைந்துவிடும். ரோட்டோரம் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கும் நேரத்தில்தான் வெளிச்சம் அதிகம் தேவை. ஆகவே பின் விளக்கைப் பேட்டரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை ரோட்டில் எதிரே ஹைபீமில் வண்டி வந்தால் கண் இருண்டுவிடுகிறது. இடது பக்கம் ஆறு. ஒதுங்கவும் பயம், நிற்கவும் பயம்.
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

உங்கள் பயம் சரியான பயம். அதையே கணக்காகப் பார்ப்போம். ஒருவழி அகலச் சாலை என்பது 3.75 மீட்டர், பல கிராமச் சாலைகள் 3 மீட்டர்தான். பஸ்ஸின் உடம்பு 2.5 மீட்டர். மிச்சம் இருப்பது ஒன்றேகால் மீட்டர் அல்லது அரை மீட்டர். சைக்கிளின் ஹேண்டில்பாரே அரை மீட்டருக்கு மேல். எனவே பஸ், லாரி எதிரே வந்தால் ஓட்டிக்கொண்டே கடந்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததுமே, கண் கூசும் முன்பே, நிற்க இடம் தேடுங்கள். வீட்டுக்கோ வயலுக்கோ இறங்கும் வழி, கரை அகலமான இடம், மரத்தடி. மதகின் மேலும் பாலத்தின் மேலும் நிற்காதீர்கள்.

நிற்கும்போது சைக்கிளிலிருந்து இறங்கி, ஆற்றுப் பக்கம் சைக்கிளும் ரோட்டுப் பக்கம் நீங்களுமாக நிற்பதுதான் பலருக்குப் பழக்கம். அப்படி நிற்காதீர்கள். சரிவில் சக்கரம் இறங்கினால் சைக்கிள் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். கரையில் கெட்டி மண் எங்கே முடிகிறது என்று காலால் தட்டிப் பார்த்த பிறகே ஒதுங்குங்கள். வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் மேட்டூர் அணையிலிருந்து கடைமடைவரை தண்ணீர் வந்த பிறகு கரையோரம் ஊறிப்போய் இருக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய இடங்களில் பச்சையாகத் தெரிவதெல்லாம் கரை என்று நினைத்துவிடக் கூடாது. அதன் கிளை தண்ணீருக்கு மேலேயும் படர்ந்திருக்கும்.

நிற்க இடமே கிடைக்காமல் வண்டி நெருங்கிவிட்டால், வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள். பார்வையை ரோட்டின் இடது ஓரத்துக்கு, தாரும் மண்ணும் சேரும் கோட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்து, நடக்கிற வேகத்துக்கு இறக்குங்கள். கடந்து போன அடுத்த சில நொடிகள்தான் மிக மோசமானவை. விளக்கில் கூசிய கண்ணுக்கு முன்னால் எல்லாம் கறுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பினால்தான் பின்னால் வரும் இரண்டாவது வண்டியும் மதகின் உடைந்த கைப்பிடிச் சுவரும் தெரியாமல் போகும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆகவே கிளம்பும் முன் வாசலில் நின்று செல்போன் பார்க்கும் பழக்கத்தை விடுவதும் நல்லது.

இடது பக்கம் போனால் பின்னால் வருவது தெரியவில்லை. வலது பக்கம் போனால் எதிரே வருவதைப் பார்த்து ஒதுங்கலாமே?
– வாசகி, குடவாசல்

நடக்கிறவர்களுக்கு அது சரி. சைக்கிளுக்குத் தவறு. 60இல் வரும் வண்டியும் 15இல் போகும் சைக்கிளும் ஒரே திசையில் போனால் நெருங்கும் வேகம் 45. எதிரெதிர் என்றால் 75. 50 மீட்டரில் ஒருவரை ஒருவர் பார்த்ததாக வைத்துக்கொண்டால், முதலாவதில் 4 நொடி கிடைக்கிறது, இரண்டாவதில் இரண்டரை நொடிகூட இல்லை. போதாததற்கு, உங்கள் சிவப்பு விளக்கும் சிவப்பு டேப்பும் ஓட்டுநருக்குத் தெரியாத பக்கம் திரும்பிவிடுகின்றன. இடது பக்கமே போங்கள். பின்னால் பார்க்க ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள்.

மார்கழி, தை மாதத்துப் பனிமூட்டத்தில் எவ்வளவு பெரிய லைட் போட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. என்ன செய்வது?
– வாசகர், மன்னார்குடி

பெரிய லைட் போட்டதால்தான் தெரிவதில்லை. பனித்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணிலேயே அடிக்கின்றன. வயல் வேலைக்குப் போடும் நெற்றி லைட் இதில் மிக மோசம், கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முகத்துக்கு நேரே வெள்ளைச் சுவர் எழுந்துவிடும். விளக்கைக் கண்ணிலிருந்து எவ்வளவு கீழே இறக்க முடியுமோ இறக்குங்கள். முன் ஃபோர்க்கில் சக்கர அச்சுக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் நல்லது. வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள்.

பனியில் டேப்பை நம்ப வேண்டாம். வண்டியின் ஒளி பனியைக் கிழித்துக்கொண்டு டேப்புக்கு வர வேண்டும், பிறகு அதே பனியைத் தாண்டித் திரும்ப வேண்டும். இரண்டு முறை தேய்கிறது. உங்கள் சொந்த விளக்கு ஒரு முறைதான் கடக்கிறது. பின் விளக்கின் முகத்தில் ஈரம் படியும், நடுவில் ஒரு முறை இறங்கித் துடைத்துவிடுங்கள்.

அறுவடைக் காலத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?
– பல வாசகர்கள்

குறுவை அறுப்பிலும் தை, மாசி சம்பா அறுப்பிலும் ரோடே களமாகிவிடுகிறது. நெல்லைக் காயப்போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு வேறு களம் இல்லை. ஆனால் இரவில் அந்தக் குவியல் கறுப்புத் தார்ப்பாய்க்குள் போய்விடும், ஓரமெல்லாம் கல் வைத்திருப்பார்கள். சைக்கிள் விளக்கில் கறுப்புத் தார்ப்பாய் ரோட்டோடு ரோடாகத் தெரியும். நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் கல் கிடக்கும். குவியல் வைக்கிறவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: இரண்டு முனைக் கல்லிலாவது ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். முடியாவிட்டால் சுண்ணாம்பாவது அடித்து வையுங்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் லாரியும் டிராக்டரும் விளக்கில்லாமல் வரிசையாக நிற்கும். ஒரு கிலோமீட்டர் முன்பிருந்தே ரோட்டில் சிந்திய நெல் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர், தன் பின் விளக்கைத் தானே மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் பிதுங்கிப் போகும். அதை முந்தப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் ஒட்டியும் போகாதீர்கள்.

சேற்றில் உழுவதற்கான இரும்புக் கூண்டுச் சக்கரம், அதாவது கேஜ் வீல் போட்ட டிராக்டர் வயலிலிருந்து ஏறிய இடத்தில் களிமண் கட்டி கட்டியாக விழும். பனியோ தூறலோ பட்டால் அது சோப்பு. அங்கே வளைக்காமல், பிரேக் பிடிக்காமல், மிதிப்பதையும் நிறுத்தி நேராகக் கடந்துவிடுங்கள். பிரேக் பிடிக்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே. கம்பிப் பிரேக்கும் இரும்பு ரிம்மும் உள்ள பெரிய சைக்கிளுக்கு இது இன்னும் முக்கியம். ரிம் நனைந்துவிட்டால் நிற்கும் தூரம் பல மடங்கு கூடும். மழையில் போகும்போது அவ்வப்போது பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே போங்கள்.

பச்சைமஞ்சள் கோட்டு ஒன்று வாங்கினேன். பகலில் கண்ணைப் பறிக்கிறது. இரவுக்கும் உதவுமா?
– தபால் பட்டுவாடா செய்பவர், நன்னிலம்

அந்தப் பச்சைமஞ்சள், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு ஒளிர்வது. மாலை மங்கும்வரை அருமையாக உதவும். வண்டி விளக்கில் அது வெறும் வெளிர் நிறத் துணிதான். இரவுக்கு அதன் மேல் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டைதான் வேலை செய்கிறது. பட்டை இல்லாத கோட்டு என்றால் பட்டை வாங்கித் தைத்துக்கொள்ளுங்கள், தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. மழைக்கோட்டை அதற்கு மேல் போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

9900 மில்லி ஆம்பியர் ஹவர் (mAh) என்று எழுதிய பேட்டரி உள்ள லைட் வாங்கினேன். ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.
– வாசகர், கும்பகோணம்

கட்டைவிரல் தடிமனில் உருளையாக இருக்கும் 18650 பேட்டரிதானே? அந்த அளவுள்ள நல்ல பேட்டரிக்கே உச்சம் சுமார் 3500. அதற்கு மேல் எழுதியிருந்தால் எழுத்து பொய். 2000 முதல் 3000 வரை எழுதிய, நல்ல பெயருள்ள பேட்டரி ஒன்றை மாற்றிப் போடுங்கள். உப்பிய பேட்டரியையும், உறை கிழிந்த பேட்டரியையும் சார்ஜில் போடாதீர்கள். படுக்கையில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் ஏற்றவும் வேண்டாம்.

மழை விட்டதும் ஈசலும் பூச்சியும் கண்ணில் விழுகிறது.
– வாசகர், சீர்காழி

நிறமில்லாத கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், வெல்டிங் கடைக்காரர்கள் அரைக்கும்போது போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் கண்ணாடி போதும். கறுப்புக் கண்ணாடி இரவில் ஆகவே ஆகாது. பூச்சி விழுந்துவிட்டால் ஓட்டிக்கொண்டே கண்ணைத் தேய்க்காமல், நிறுத்திவிட்டுத் தண்ணீரில் கழுவுங்கள்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இரவில் நடந்து போகும் கூட்டத்தோடு நாங்கள் சிலர் சைக்கிளில் போகிறோம். ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகர்கள், பட்டுக்கோட்டை

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பிருந்து செப்டம்பர் 8 வரை அந்த ரோடுகளில் இரவெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்கும். நடக்கிறவர்கள் ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் நடக்கட்டும். சைக்கிள்காரர்கள் இடது ஓரம். இரண்டையும் ஒரே கூட்டமாகக் கலக்காதீர்கள். கடைசியில் வரும் சைக்கிளில் மின்னும் சிவப்பு விளக்கு கட்டாயம், நடுவில் வருகிறவர்களுக்கு நின்று எரியும் விளக்கு. எல்லோரும் மின்னவிட்டால் பின்னால் மிதிக்கிறவருக்கே தலை சுற்றும். நடக்கிறவர்கள் கணுக்காலில் ஒரு ரிஃப்ளெக்டிவ் பட்டை கட்டிக்கொண்டால், பெடலுக்குச் சொன்ன அதே காரணத்தால், தோளில் போடுவதைவிடச் சீக்கிரம் தெரியும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, மயிலாடுதுறை

இருட்டிய பிறகு சைக்கிளை வண்டி வராத இடத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். வழக்கமாகக் கொண்டுபோகும் பை, கேன், எல்லாம் ஏற்றியபடியே இருக்கட்டும். பின்னால் 100 அடி எடுத்து வைத்து நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். சிவப்பு விளக்கு அங்கிருந்து கண்ணைக் குத்துவது போல் தெரிய வேண்டும். மங்கலாக இருந்தால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் விளக்கின் சாய்வைச் சரிபாருங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு டேப்பைச் சோதியுங்கள். டார்ச்சைப் பொட்டெலும்புக்குப் பக்கத்தில், கண்ணை ஒட்டிப் பிடித்து அடிக்க வேண்டும். டேப் ஒளியை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதால், டார்ச்சை இடுப்பில் பிடித்தால் வெளிச்சமும் இடுப்புக்குத்தான் வரும். அப்படிப் பார்த்துவிட்டு, மின்னவே இல்லை என்று நல்ல டேப்பை உரித்துப் போட்டுவிடாதீர்கள்.